அடிக்கிற நேரத்தில் சாலையை யார் பார்ப்பது? ரோடு ராஷ்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரோடு ராஷ் என்ற பைக் ரேஸ் வீடியோ ஆட்டத்தின் பசிபிக் கடற்கரைச் சாலை. வண்டி மணிக்கு 120 மைலைத் தொட்டுவிட்டது. வலது பக்கம் ஒருவன் ஒட்டிக்கொண்டே வருகிறான், கையில் கட்டை. அவன் கை மேலே போகிற அந்தக் கணத்தில் நான் அடிக்கிற பொத்தானை அழுத்தினால் கட்டை என் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் முந்தினால் வெறும் குத்து. கொஞ்சம் பிந்தினால் என் மண்டையில் விழும். அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை ஏறுகிறது, அழுத்துகிறேன், கட்டை என்னிடம். சந்தோஷமாகத் தலையைத் திருப்பினால் எதிரே ஒரு காரின் மூஞ்சி.

அப்புறம் நடப்பது எல்லாருக்கும் தெரியும். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காற்றில் பறந்து, தரையில் உருண்டு, எழுந்து, விழுந்து கிடக்கிற வண்டியை நோக்கி ஓடுகிறேன். ஓடும்போதே இன்னொரு கார் வந்து தூக்கிப் போடுகிறது. நான் கட்டையைப் பிடுங்கிய அதே ஆள் பக்கத்தில் சாவகாசமாகக் கடந்து போகிறான்.

இந்த இருபது நொடியை வாழ்க்கையில் எத்தனை தடவை ஆடியிருப்பேன் என்று கணக்கு இல்லை. போன கோடை விடுமுறையில் ஒரு நண்பரிடம் இருந்த பழைய செகா வீடியோ கேம் பெட்டியில் 1991-ன் மூல ஆட்டத்தையும், கூடவே நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஓடிய 1996 கணினிப் பதிப்பையும் மறுபடி உட்கார்ந்து ஆடினேன். ஏக்கத்துக்காக மட்டும் இல்லை. இத்தனை ஓட்டை உள்ள ஆட்டம் இன்னும் கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே, அது ஏன் என்று பார்க்கத்தான். எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் ஆடுகிறவனின் கண்ணைப் பங்கு போடுகிறது. ஓட்டுவதற்கும் கண் வேண்டும், அடிப்பதற்கும் கண் வேண்டும், இருப்பதோ ஒரு ஜோடிதான். இந்த இரண்டும் கண்ணுக்காக அடித்துக்கொள்கிற வரை ரோடு ராஷுக்கு இணை இல்லை. ஏதாவது ஒன்று விலகிக்கொண்டால் சாதாரண ஆட்டம், சில இடத்தில் சலிப்பூட்டுகிற ஆட்டம்.

பெட்டியும் ஆட்டமும்

தார்ச்சாலையில் விழுந்து இழுபடும்போது முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்து வருகிற சிராய்ப்புக்குத்தான் ஆங்கிலத்தில் ரோடு ராஷ் என்று பெயர். பைக் ஓட்டிப் பழகிய எவருக்கும் அறிமுகமான சங்கதி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-ல் செகா ஜெனிசிஸ் பெட்டிக்காக இதை வெளியிட்டது. வட அமெரிக்காவுக்கு வெளியே அந்தப் பெட்டிக்கு மெகா டிரைவ் என்று பெயர். ராண்டி பிரீன், டான் கைஸ்லர் போன்றவர்கள் உருவாக்கிய ஆட்டம். இசையில் ராப் ஹப்பர்டின் கை இருந்தது. கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் காலத்து ஆட்ட இசையைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும்.

விதி ரொம்ப எளிது. கலிஃபோர்னியாவில் ஐந்து சாலைகள்: சியரா நெவாடா, பசிபிக் கடற்கரை, ரெட்வுட் காடு, பாம் பாலைவனம், கிராஸ் வேலி. ஒவ்வொன்றிலும் 15 பேர் ஓடுகிறார்கள். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் தேர்ச்சி. ஐந்திலும் தேறினால் அடுத்த கட்டம், அங்கே அதே ஐந்து சாலைகள், ஆனால் நீளம் கூடியிருக்கும். இப்படி ஐந்து கட்டம். பரிசுப் பணத்தைச் சேர்த்துக் கடையில் பெரிய வண்டி வாங்கலாம். ஷுரிகன் 400-ல் ஆரம்பித்து டயாப்லோ 1000 வரைக்கும் போகலாம். ரேஸே சட்டவிரோதம் என்பதால் போலீஸும் சாலையில் உண்டு. பிடிபட்டால் அபராதம், வண்டி நொறுங்கினால் பழுதுச் செலவு. கையில் காசு இல்லையென்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இதை அந்தப் பெட்டியில் ஓட வைத்ததே ஒரு சாதனை. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களுக்குச் செகாவே செய்த ஹேங் ஆன் (1985), அவுட் ரன் (1986) இரண்டிலும் படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தனி மின்சுற்றுகள் இருந்தன. தூரத்தில் வருகிற கார் புள்ளியிலிருந்து பெரிதாகிக்கொண்டே வருவதை அவை பார்த்துக்கொள்ளும். வீட்டுப் பெட்டியில் அந்த வசதி கிடையாது. 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மோட்டோரோலா 68000 சில்லு, அதன் தலையில் எல்லாக் கணக்கும். அப்படியிருந்தும் சாலையைச் சப்பையாக விடவில்லை. மேடு, பள்ளம், வளைவு, மேட்டுக்குள் வளைவு எல்லாம் இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தது படத்தின் ஓட்டம். திரை வெட்டி வெட்டித்தான் நகரும். இன்றைய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் தலை வலிக்கும்.

1994-ல் 3டிஓ பெட்டிக்கு ஆட்டத்தை முழுக்கப் புதிதாகச் செய்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸே வெளியே போய் ஆரம்பித்த நிறுவனத்தின் பெட்டி அது. 1993-ல் அமெரிக்காவில் 699 டாலருக்கு வந்தது, விலையே அதற்கு எமனாகவும் ஆனது. ஆனால் அதில் வந்த ரோடு ராஷ் அருமை. சாலை இப்போது முப்பரிமாணத்தில், ஆட்கள் நிஜ மனிதர்களைப் படம் பிடித்த உருவங்கள், ரேஸ் முடிந்ததும் நடிகர்களை வைத்து எடுத்த சிறு வீடியோ. ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸிடமிருந்து சவுண்ட்கார்டன், மான்ஸ்டர் மேக்னெட், ஸ்வெர்வ்டிரைவர் போன்ற ராக் குழுக்களின் பாடல்களை உரிமை வாங்கிச் சேர்த்தார்கள். இதுதான் 1996-ல் விண்டோஸுக்கு வந்தது.

நம் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த விண்டோஸ் பதிப்பு. அதுவும் முழுசாக வரவில்லை. 2000-களின் தொடக்கத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஐந்து கணினி, ஐந்திலும் ஒரே ஃபோல்டர். யாரோ யாரிடமிருந்தோ காப்பி எடுத்தது. வீடியோ கோப்புகளையும் பாடல்களையும் இடத்தை அடைக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கும் சவுண்ட்கார்டன் என்று ஒரு குழு இருப்பதே தெரியாது. பாடலுக்கு இவ்வளவு காசு செலவழித்த ஆட்டத்தைப் பாடலே இல்லாமல் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். “தம்பி, டைம் முடிஞ்சுது” என்று கடைக்காரர் குரல் கொடுப்பார். “அண்ணே, இந்த ஒரு ரேஸ் அண்ணே” என்போம். அந்த ஒரு ரேஸில் யாரும் ஜெயிக்க ஓட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இது பின்னால் முக்கியமாக வரும்.

கண்ணின் பங்கு

ஒரு சின்னக் கணக்கு. நான் 120 மைல் வேகத்தில் போகிறேன், எதிரே வரும் கார் 60 மைலில் வருகிறது என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 180 மைல், அதாவது நொடிக்கு 80 மீட்டர். 200 மீட்டர் தள்ளி இருக்கிற காருக்கும் எனக்கும் நடுவில் இரண்டரை நொடிதான். பக்கத்தில் வருகிறவனைப் பார்த்து, அவன் கையில் என்ன இருக்கிறது என்று கவனித்து, சரியான நேரத்துக்கு அடிக்க ஒரு நொடியாவது வேண்டும். மீதி ஒன்றரை நொடியில் கண்ணைச் சாலைக்குக் கொண்டுவந்து, தடம் மாறி, தப்பிக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆடும்போது யாருக்கும் தெரியாது. வயிற்றில் மட்டும் தெரியும்.

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இந்தப் பதற்றத்தை இன்னும் இறுக்குகிற வேலைகளைப் பார்த்திருக்கிறார்கள். மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சி வரை முன்னால் எதுவும் தெரியாது. உச்சியில் வண்டி காற்றில் எழும்பும், அந்தரத்தில் இருக்கும்போதுதான் கீழே சாலையில் என்ன நிற்கிறது என்று பார்க்க முடியும். கிராஸ் வேலியில் அது சில சமயம் ஒரு மாடு. பக்கத்தில் ஒருவனோடு அடித்துக்கொண்டே மேடு ஏறுகிறவன் இரண்டு பக்கமும் குருடன். அனுபவமுள்ள ஆட்டக்காரன் மேட்டுக்கு முன்னால் சண்டையை நிறுத்திவிடுவான், இல்லையென்றால் எதிராளியை நடுக்கோட்டுப் பக்கம் தள்ளிவிட்டுத் தான் ஓரத்தை எடுத்துக்கொள்வான்.

அந்தத் தள்ளலுக்கு உதவுவது உதை. குத்து எதிராளியின் தெம்பைக் குறைக்கும். உதை அவனைப் பக்கவாட்டில் நகர்த்தும். பத்துக் குத்துகளைவிட எதிரே லாரி வரும்போது விடுகிற ஒரே உதை மேல். ஆக, நல்ல அடி எது என்று தீர்மானிப்பது என் கை வலு இல்லை, சாலையில் அந்த நேரம் என்ன வருகிறது என்பது. சண்டை போடுகிறவனே சாலையை நன்றாகப் படிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரியாக இருந்த இரண்டு வேலைகள் இந்த ஒரு இடத்தில் கை கோக்கின்றன. என் பார்வையில் இந்த ஆட்டத்தின் உச்சம் இந்த உதைதான். பிற்பாடு அடிக்கச் சங்கிலி, திடீர் வேகத்துக்கு நைட்ரோ என்று எத்தனையோ சேர்த்தார்கள், எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை.

இதில் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. அமெரிக்காவில் வண்டிகள் வலது பக்கம் போகும். சைக்கிள் ஓட்டக் கற்ற நாள் முதலாக இடது பக்கம் ஒதுங்கிப் பழகியவன் பயந்தால் எங்கே போவான்? இடதுக்குத்தான். அங்கேதான் எதிர்வரும் கார்கள். முதல் வாரம் எங்கள் பையன்கள் செத்ததில் பாதிக்கு இதுதான் காரணம்.

விழுவதையும் சொல்ல வேண்டும். வேறு ரேஸ் ஆட்டங்களில் மோதினால் வண்டி ஒரு முறை மின்னி மறைந்து மறுபடி சாலையில் நிற்கும். இதில் மோதினால் நாம் ஒரு உடம்பு ஆகிவிடுகிறோம். உருளுகிறோம், எழுகிறோம், ஓடுகிறோம். அதுவரை ஒரு அம்புக்குறி மாதிரி இருந்த ஆள் திடீரென்று இரண்டு கால் உள்ள மனிதன் ஆகிறான், அதுவும் நெடுஞ்சாலையில் நடந்து போகிற மனிதன். சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். ஐந்து பேர் பின்னால் நின்று பார்க்கும்போது இதைவிட நல்ல காட்சி கிடையாது. பிரவுசிங் சென்டரில் இந்த ஆட்டம் கொடிகட்டிப் பறந்ததற்கு, ஆடுகிறவனைவிட வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அதில் விருந்து இருந்ததும் ஒரு காரணம்.

போலீஸைப் பற்றி ஒரு வரி போதும். நாம் விழுந்தாலோ நின்றாலோ பக்கத்தில் போலீஸ் இருந்தால் கதை முடிந்தது. ஓடிக்கொண்டே இருக்கிறவனை அவர்களால் பிடிக்க முடியாது. விழுவதன் விலையை இது இரட்டிப்பாக்குகிறது, அதனால் நல்ல யோசனை.

எங்கே இடறுகிறது

இனி குறைகள். முதலில் எல்லாரும் சொல்வது அந்த வெட்டி வெட்டி ஓடும் திரை. மூல ஆட்டத்தில் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆட்டத்தின் உயிரே கண்ணைச் சாலைக்கும் எதிராளிக்கும் நடுவே மாற்றி மாற்றி வைப்பதில் இருக்கிறது என்றேன். நான் கண்ணைத் திருப்பிய நேரத்தில் திரை இரண்டு தாவல்தான் தாவியிருக்கும், அந்த இரண்டாவது தாவலில் கார் என் மேல் இருக்கும். அது என் கவனக்குறைவா, பெட்டியின் மந்தமா என்று சொல்ல முடியாது. தோற்றவனுக்குத் தன் தப்பு என்று தெரிந்தால் மறுபடி ஆடுவான். தெரியவில்லையென்றால் கன்ட்ரோலரை எறிவான். 3டிஓவிலும் கணினியிலும் திரை ஓட்டம் தேறியது, ஆனால் தூரத்துக் கட்டடங்களும் மரங்களும் திடீர் திடீரென்று முளைத்தன. அது கண்ணுக்கு உறுத்தலே தவிர ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

இரண்டாவது குறை ரொம்பப் பெரிது, ஆனால் அதிகம் பேசப்படாதது. இந்த ஆட்டம் சண்டையைக் காட்டி விற்கிறது, சம்பளத்தையோ ஓட்டத்துக்கு மட்டும் தருகிறது. மூல ஆட்டத்தில் பரிசுப் பணம் எந்த இடத்தில் வந்தாய் என்பதற்குத்தான். ஏழு பேரை உதைத்துத் தள்ளியவனுக்கும், யாரையும் தொடாமல் ஓரமாகப் போய் நான்காவது வந்தவனுக்கும் ஒரே காசு. உதைக்கப் போய் விழுந்தவனுக்கு நஷ்டமும் உண்டு. கணக்குப் பார்க்கிற ஆட்டக்காரன் என்ன செய்வான்? சண்டையைத் தவிர்ப்பான். நானும் மூன்றாவது கட்டத்தில் அப்படித்தான் ஆடத் தொடங்கினேன். எதிராளி நெருங்கினால் விலகுவது, வேகத்தைக் காப்பாற்றுவது. தேர்ச்சி எளிதாக வந்தது. ஆட்டம் செத்துப்போனது.

வண்டிக் கடை இதை இன்னும் மோசமாக்குகிறது. காசு சேர்த்துப் பெரிய வண்டி வாங்கிவிட்டால் கூட்டத்தைத் தாண்டிப் போய்விடலாம். தாண்டியபிறகு முன்னால் வெறும் சாலை, அவ்வப்போது ஒரு கார். பின் கட்டங்களில் சாலையும் நீண்டுகொண்டே போகிறது. பழைய அதே ஐந்து சாலைகள், ஐந்தாவது தடவை, பக்கத்தில் ஆளே இல்லாமல், நிமிடக்கணக்கில். உழைத்துச் சம்பாதித்த பரிசே ஆட்டத்தின் சுவையைப் பறிப்பது விசித்திரமான கொடுக்கல் வாங்கல். ஒரு கேலியும் இதில் உண்டு: மெதுவான ஷுரிகனில் கூட்டத்தின் நடுவே அடிபட்டுக்கொண்டு போன முதல் கட்டம்தான் எனக்கு இன்றும் பிடித்த கட்டம்.

நாங்கள் சென்டரில் இந்தச் சிக்கலை உணரவே இல்லை என்பதற்குக் காரணம் இப்போது புரிகிறது. கணினிப் பதிப்பில் இரண்டு வகை ஆட்டம் உண்டு. காசு, கடை, கட்டம் எல்லாம் உள்ள பெரிய ஆட்டம் ஒன்று, நேராக ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிற திராஷ் வகை இன்னொன்று. மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிற பையன் பெரிய ஆட்டத்துக்குப் போக மாட்டான். திராஷ்தான். அங்கே பணம் இல்லை, அதனால் கணக்கும் இல்லை. எவன் எத்தனை பேரைத் தள்ளினான் என்பதுதான் எங்கள் பந்தயம். ஆட்டத்தின் சொந்த விதியை நாங்கள் தூக்கி எறிந்ததால்தான் ஆட்டம் பிழைத்தது. அதற்கு மேல் ஒருவன் எங்கிருந்தோ ஐந்து எழுத்து மந்திரம் ஒன்று கொண்டுவந்தான்: எக்ஸ், ஒய், இஸட், இஸட், ஒய். ஓடும்போதே தட்டச்சு செய்தால் நைட்ரோ கிடைக்கும். அது 1970-களின் ஒரு எழுத்துவழி சாகச ஆட்டத்தில் வந்த மந்திரச் சொல் என்பது எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அதை ஏதோ நாங்களே கண்டுபிடித்த மாதிரி ரகசியமாக வைத்திருந்தோம்.

விழுந்த பிறகு வண்டிக்கு ஓடுவதைப் பாராட்டினேன். அதே ஓட்டம் இருபதாவது தடவை தண்டனையாகிவிடுகிறது. வேகம் கூடக் கூட உடம்பு எறியப்படும் தூரமும் கூடும், ஓடவேண்டிய தூரமும் கூடும். அந்த நேரத்தில் ஆடுகிறவனுக்குக் காரிடமிருந்து ஒதுங்குவதைத் தவிர வேலையே இல்லை. நாம் தள்ளிய எதிராளியோ சற்று நேரத்தில் எப்படியோ பக்கத்தில் வந்து நிற்கிறான், அவன் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. இந்த ஓரவஞ்சனை உறுத்துகிறது.

பாடல் விஷயத்தில் ஒரு வருத்தம். பிற்பாடு 3டிஓ பதிப்பை முழுசாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனை காசு கொடுத்து வாங்கிய பாடல்கள் ரேஸ் ஓடும்போது ஒலிப்பதே இல்லை. பட்டியல் திரையிலும் வீடியோவிலும்தான். வண்டி ஓடும்போது வேறு இசை. கல்யாணத்துக்கு நாதஸ்வரக் கச்சேரி வைத்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் வித்வானைச் சாப்பிடப் போகச் சொன்ன மாதிரி. சென்டர் காப்பியில் நாங்கள் இழந்தது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை போலிருக்கிறது.

திருத்தப் போனவர்கள்

ஒரு ஆட்டத்தில் எது உயிர், எது சதை என்று தெரிய வேண்டுமானால் அதைத் திருத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். ரோடு ராஷ் வரிசை இதற்கு வசதியாக வாய்த்திருக்கிறது.

இரண்டாம் பாகம் (1992) அடக்கமாகத் திருத்தியது. சாலைகள் அலாஸ்கா, ஹவாய், அரிசோனா, டென்னசி, வெர்மான்ட் என்று மாறின. சங்கிலியும் நைட்ரோவும் வந்தன. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து ஆட முடிந்தது. முதல் ஆட்டத்தில் இருவர் என்றால் மாறி மாறித்தான் ஆட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சொந்தத் தம்பியையே உதைத்து லாரியில் தள்ளலாம் என்பது தனிச் சுகம். ஜெனிசிஸ் வரிசையில் எனக்கு இதுதான் முதல் இடம். மூன்றாம் பாகம் (1995) பிரேசில், கென்யா, ஜப்பான் என்று உலகம் சுற்றியது, வண்டிக்கு மேம்பாடுகள், நிறைய ஆயுதங்கள். ஆள் உருவங்களைப் படம் பிடித்துச் சேர்த்ததில் பழைய தெளிவு போய்விட்டது. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கூடுதல் நேரம் ஆகிறது. இந்த ஆட்டத்தில் அரை நொடியின் மதிப்பு என்ன என்று மேலே கணக்குப் போட்டோம்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ரோடு ராஷ் 3டி ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தது. சாலை அழகு, வளைவுகளில் வண்டி சாய்வது நம்பும்படி இருக்கும். ஆனால் ஒழுங்காக ஓட்டுவதே முழு வேலையாகிவிட்டதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கக் கண் மிச்சமில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. சண்டை ஓரத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே, 1999-ல், டிஎச்கியூ வெளியிட்ட ரோடு ராஷ் 64 நேர் எதிர்ப்பக்கம் போனது. பசிபிக் கோஸ்ட் பவர் அண்ட் லைட் என்ற நிறுவனம் நின்டெண்டோ 64-க்குச் செய்தது. ஆயுதக் குவியல், எந்த நேரமும் ஒரு கும்பல் சண்டை, பார்க்க அழுக்கு. சிரிக்கச் சிரிக்க ஆடலாம், நால்வர் சேர்ந்தால் இன்னும் ஜோர். ஆனால் அடிதடி நிற்பதே இல்லை என்பதால், அடிக்கலாமா சாலையைப் பார்க்கலாமா என்ற தயக்கமும் எழுவதில்லை.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் 64-ஐத்தான் எடுப்பேன். 3டி நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்து யாருக்கும் பிடிக்காமல் போனது. 2000-ல் வந்த ஜெயில்பிரேக்கில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வண்டியோடு ஒட்டிய பக்கப் பெட்டியில் உட்கார்ந்து அடிக்கிற வகை உண்டு. இதைப் பார்த்ததும் எனக்கு ஆர்வம் வந்தது, ஏனென்றால் கண்ணின் பங்கை இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கிற யோசனை இது. ஆடிப் பார்த்தால் சண்டை நம் இருவருக்குள்தான் மூள்கிறது: “அந்தப் பக்கம் ஓட்டுடா”, “நீ முதல்ல அடிடா”. அதுவும் ஒரு வகை ஆட்டம்தான்.

அத்தோடு வரிசை படுத்துவிட்டது. 2006-ல் பிஎஸ்பி கையடக்கப் பெட்டிக்கு வந்த, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் பழைய ஆட்டங்களைச் சேர்த்த ஈஏ ரீப்ளே தொகுப்பில் ஜெனிசிஸ் காலத்து மூன்று பாகங்களும் இருந்தன. 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2017-ல் முழுமையாக வெளியான ரோடு ரிடெம்ப்ஷன் பெயர் வேறு என்றாலும் பரம்பரை இதுதான். அதில் எதிராளியை வீழ்த்தினால் காசு உண்டு. மேலே நான் இரண்டாவதாகச் சொன்ன குறையை யாரோ கவனித்துத் திருத்தியிருக்கிறார்கள், நிம்மதி. கூடவே கத்தி, துப்பாக்கி எல்லாம் வந்துவிட்டது. தூரத்திலிருந்து சுட முடிந்தால் எதிராளி பக்கத்தில் வரவே வேண்டாமே. பக்கத்தில் வந்தால்தானே கண் சாலையை விட்டு விலகும்?

மூலத்துக்கே திரும்புகிறேன். ஆய்வுக்காக ஐந்தாவது கட்டம் வரை போய் டயாப்லோ வாங்கிவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டம் தருகிற கடவுச்சொல்லை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். அக்கா மகன், பன்னிரண்டு வயது, விடுமுறைக்கு வந்திருந்தான். நான் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தாளைப் பார்த்து என் வண்டியை எடுத்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் ரெட்வுட் சாலை, ஒரு நிமிடத்துக்குள் கூட்டத்தின் பாதியைத் தாண்டியிருந்தான். முன்னால் கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை. நல்ல இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கும்போதே பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான். வண்டி ஓரத்தில் ஊர்ந்து, நின்றேவிட்டது.

“என்னடா பண்ற? போடா, ஜெயிச்சிடுவ.”

“இருங்க மாமா, கட்டை வச்சிருந்தவன் பின்னாடி வரான். அவன் வரட்டும்.”

வந்தது போலீஸ்.